சவ்வாது மலைச் சாரலில் அயல்நாட்டார் தொண்டு

சிவஞான சித்தியார்ப் பரபக்கம் அருளிய அருணந்தி சிவாசாரியர், பிறர் மதத்தை மறுக்கப் புகுமிடத்து, முதற்கண் அம்மதத்தார் கோட்பாட்டை அவர் தாமே உரைப்பது போல நிரம்ப எடுத்துக் கூறிப் பின்னரே மறுப்புரை தொடங்குவர். ஒருவரை அளப்பதற்கு முன் அவரை உள்ளவாறு அறிதல் வேண்டும் என்பது இம்முறையாற் பெறப்படும். கொள்கையை ஆராய்தற்கு அமைந்த இந்நெறி, செயலை ஆராய்தற்கும் ஏற்புடையதேயாம். தம் நாட்டையும் சுற்றத்தையும் விட்டுத் தமிழகம் போந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஈண்டே கழித்துக் கிறித்தவப் பணி செய்தார் பலர். அவரை இகழ்தலும் எளிது, புகழ்தலும் எளிது. அவர் செய்தது யாது, எக்கருத்தாற் செய்தார், சைவ நூல்கள் தொண்டிற்கு வகுத்த அளவையால் நோக்குமிடத்து அதன் நிலை யாது என்று தெரிதலே அரிது. சவ்வாது மலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இவ்வாராய்ச்சிக்கு நல்லதோர் களமாம்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களிற் பரந்து கிடப்பது சவ்வாது மலை. சேயாறு தோன்றுவது இம்மலையில். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னன் என்னும் வேளுக்குரிய நவிர மலையில் நஞ்சுண்ட கடவுள் எழுந்தருளியிருத்தலைக் கூறும். அந்நவிரம், இம்மலைத்தொடரை அடுத்துள்ள பருவத மலையே என்பர் அறிஞர். எனவே சிவநெறி இந்நிலத்திற்குப் புதியதன்று. மலைமேல் வாழ்வார் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையில் வாழ்வார் என்னும் பொருட்டேயன்றிச் சேரநாட்டாரைச் சுட்டியதன்று. அவர் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று போந்தார் என்பது அவர் வழிவழிக் கூறி வருவது.

இம்மலையின் வடபால் உள்ளது வேலூர். அமெரிக்கராகிய மருத்துவர் ஜான் ஸ்கடர், 1819-இல் தம் நாட்டினின்று கப்பலேறி யாழ்ப்பாணம் அடைந்து, பின் சென்னையிலும் பணிபுரிந்து, 1855-இல் இறந்தார். அவர் மக்கள் தொடங்கிய ஆற்காட்டு மிசன், இப்பகுதி ஊர்களிற் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நிறுவிற்று. அவர் பெயர்த்தியார் ஐடா ஸ்கடர், தந்தையார் பணிபுரிந்த திண்டிவனத்தில் இளமையில் ஓரிரவு கண்டது அவர் வாழ்வையே மாற்றிற்று. மகப்பேற்றுத் துன்பமுற்ற மூன்று பெண்களின் கணவர் ஒருவர்பின் ஒருவராக வந்து உதவி வேண்டினர். ஆண் மருத்துவரை வீட்டினுள் விட மூவர் மரபும் இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். விடியுமுன் மூவரும் இறந்தனர். தாயகம் சென்று மருத்துவம் கற்று மீண்ட அவ்வம்மையார், 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணி, 1918-இல் பெண்களுக்குரிய மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, பின் பெருங்கல்லூரியாயிற்று. அவர் 1960-இற் கொடைக்கானலில் மறைந்தார். அக்கல்லூரியின் ஊர்நல மருத்துவப் பிரிவினர் சவ்வாது மலையூர்களுக்கும் சென்று மருத்துவம் செய்து வருகின்றனர்.

மலையாளிக் குடியின் மற்றொரு கிளையினர் வாழுங் கொல்லி மலையில் நிகழ்ந்ததும் ஈண்டு நோக்கத்தக்கது. ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் அம்மலைமேல் ஏறி வாழ்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்தும் அவர் சமயத்தைத் தழுவினார் ஒருவரும் இலர். அங்கிருந்த பூசாரி ஒருவர் அவர்க்குப் பகையாய் நின்றார். கொடிய காய்ச்சல் பரவிய காலத்து அவர் நோயுற்றபோது, அஞ்சிய தம் மக்கள் அணுகாதிருப்ப, பிராண்டு தம்பதியரே சென்று பேணினர். இறக்குந் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அத்தம்பதியரிடம் ஒப்புவித்தார் என்று அக்குடும்பத்தார் வரலாறு கூறும். ஜெசி 1929-இல் மலைக்காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின், தம்மை அனுப்பிய சபை முதுமை கருதி ஓய்வு கொடுத்த பின்னரும் மலையை விட்டிலர். தாமே குடிசை அமைத்துக்கொண்டு மலைதோறும் சென்று பணிபுரிந்து, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் அகவையில் மறைந்தார். சமயம் மாறாமைக்கு அப்பூசாரியாரைப் புகழ்வார், அவர் பாயருகே தம்மவர் ஒருவரும் இலராயினமையையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இனிச் சவ்வாது மலையின் மேற்பால் உள்ள திருப்பத்தூரில், 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமம் என்பது தோன்றிற்று. நிறுவினார் இருவர்: தமிழராகிய சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்தினராகிய எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் மருத்துவர், இருவரும் மணம் புரியாதவர். பேட்டன், நூலாலைகள் உடைய பெருஞ்செல்வக் குடியிற் பிறந்தவர். ஆயினும் ஆசிரமத்தார் கதர் உடுத்து, மரக்கறி உணவு கொண்டு, ஊர்மக்கட்கு மருத்துவமும் கல்வியும் அளித்தனர். அவர் வழிபாட்டு மன்றமும் மேனாட்டு முறையை விடுத்துத் தமிழ்நாட்டுக் கோயிற் பணி முறையில் எழுப்பப்பட்டது. தொண்டே தம் ஆண்டவரது அன்புக்குச் சான்று என்பது அவர் கொள்கை.

ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன் எனவும், பேட்டன் சின்னண்ணன் எனவும் அழைக்கப்பட்டனர். ஆட்சி ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில், வெள்ளையர் ஒருவர் தமிழர் ஒருவருக்கு இளையராய் அடங்கி நின்றார் என்க. அஃது அழைப்பு மாத்திரையின் நில்லாது செயலிலும் விளங்கிற்று. 1932-இல், சென்னையில் அயல்நாட்டுத் துணிக்கடை மறியல் நிகழ்ந்த இடத்திற் கதருடையோடு நின்ற பேட்டனைக் காவலர் அடித்துச் சாயநீர் பாய்ச்சிச் சிறைப்படுத்தினர். அவர்மேல் தொடுத்த வழக்குப் பின்னர்க் கைவிடப்பட்டது. இச்செய்தி இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலும் வினவப்பட்டது. தம் இனத்தாராற் கிடைக்கும் காப்பினை நாடாது, தாம் வந்து சேர்ந்த மக்களோடு ஒருவராய் அவர் நின்றமை இதனாற் புலனாம். இருவரும் தம் இறுதிக்காலம் வரை நட்புப் பிரியாதவராய் இருந்தனர்.

இனி, இத்தொண்டெல்லாம் மதமாற்றம் கருதியதேயன்றோ. கோயில் வடிவமும் ஆசிரமம் என்னும் பெயரும் நம்மவரை ஈர்த்தற்கு மேற்கொண்ட வேடமேயன்றோ எனின், அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. நோயாளியின் துன்பத்தை வாயிலாகக் கொண்டு அவன் கொள்கையை விலையாகப் பெறுவது அறத்தை விற்கும் வாணிகமாம். அதனை யார் செய்யினும் தொண்டெனப்படாது. அயல்நாட்டுப் பொருளும் அரசின் நிழலும் உடன் நின்ற காலத்து, கொடுப்பார் கருத்துத் தூயதாயினும், கொள்வார் உள்ளம் தன்னுரிமை உடையதாய் இருந்ததோ என்னும் வினாவும் எஞ்சும். எனினும், எல்லாரையும் ஒருங்கே வேடதாரிகள் என்றல் பொருந்தாது. என்னை? வேடம் பயன் கிட்டிய வழியோ கிட்டாத வழியோ கலைக்கப்படும். நாற்பதும் ஐம்பதும் ஆண்டு கலையாது, அடியுண்டும் நீங்காது, இறப்பளவும் நின்றதனை வேடம் எனல் சொற்பொருள் மரபுக்கு ஒவ்வாது.

அங்ஙனமாயின் இதனை அளக்குங் கோல் யாது? சைவ நூல்கள் அதனைத் தெளிய வகுத்துள்ளன. சரியை என்பது தாச மார்க்கம். உடம்பினாற் செய்யும் பணியே அதன் உரு. அப்பணி வீட்டுநெறிக்குப் படியாவது, யான் எனது என்னும் செருக்கினைத் தேய்க்கும் அளவிலேயாம். சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலை மலநீக்கத்திற்கு வாயிலாகக் கூறியதும் இக்கருத்தே பற்றி. செய்வான் யானே, கொடுப்பான் யானே, அறிந்தான் யானே, இவர் அறியாதார் என்று எண்ணிச் செய்யும் பணி எத்துணைப் பெரிதாயினும் ஆணவத்திற்கு உணவாவதன்றி மருந்தாகாது. மேனாட்டுச் சமயப்பணியின் பெருங்குறை பல்லிடத்தும் இதுவேயாம்: கற்பிக்க வந்தார், கற்க வேண்டுவது தமக்கும் உண்டு என்று எண்ணாமை. திருப்பத்தூரில் அக்குறை ஓரளவு நீங்கிற்று, வந்தவர் இளையராயினார். அயல்நாட்டிற் செய்யும் நெடுநாட் பணியின் உயர்வு, கழிந்த ஆண்டுகளின் தொகையால் அன்று, கரைந்த செருக்கின் அளவால் அறியப்படும்.

இதனாற் சைவர் கொள்ளுதற்குரியது யாது? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வழிகாட்டியுள்ளார். கிறித்தவ வேதநூலைத் தமிழாக்கும் பணியிற் பெர்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்ற அவர், பாதிரிமாரின் கல்விமுறையையும் அச்சுமுறையையும் அருகிருந்து கண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சுக்கூடம் அமைத்துச் சைவ நூல்களை வெளியிட்டார். 1864-இற் சிதம்பரத்திலும் பாடசாலை கண்டார். மறுப்புரை எழுதியதோடு அமையாது, மக்களுக்கு வேண்டுவதைச் செய்தமையே அவர் மறுப்பிற்கு வலி தந்தது.

திருநாவுக்கரசர் முதுமையிலும் உழவாரம் ஏந்திப் பணிபுரிந்தார். அடியார்க்குச் செய்வது ஆண்டவனைச் சென்று சேரும் என்பது திருமூலர் கருத்து. இத்தகைய முதல் நம்மிடம் இருப்ப, மலைமேல் நோயுற்றுக் கிடப்பான் ஒருவன் பாயருகே முதலிற் சென்று அமர்வார் யார் என்பதே வினா. அமர்ந்தார் அயலாராயின், அவரைக் குறை கூறுதற்கு முன் அவ்விடம் ஏன் வெறுமையாய் இருந்தது என்று எண்ணுதல் முறையாம். எண்ணி எழுந்து செல்லின், அச்செலவே பரபக்க மறுப்பும் சுபக்க நிலைநாட்டலும் ஒருங்கே ஆகும்.