கோழி சொல்லித் தந்த மாறிகள்!

'மாறி' என்றதும் அல்ஜீப்ராவில் வரும் எக்ஸ், ஒய்தான் ஞாபகம் வரும், இல்லையா? ஆராய்ச்சியிலும் புள்ளியியலிலும் மாறி என்றால் அர்த்தம் இன்னும் சுலபம். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறுகிற எதுவும் மாறிதான். உங்க உயரம் ஒரு மாறி, ரத்த வகை ஒரு மாறி, மார்க்கும் ஒரு மாறி.

"இதைத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" என்று கேட்கிறீங்களா? சரியான மாறியைக் கண்டுபிடிக்காததால் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப் போயிருக்கிறார்கள். ஜாவா தீவுக்குப் போவோம் வாங்க!

கோழிகளுக்கு என்ன ஆச்சு?

அப்போது ஜாவா டச்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. அங்கே பெரிபெரி என்று ஒரு கொடிய நோய். கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயமே நின்றுவிடும். கிருமிதான் காரணம் என்று டாக்டர்கள் நினைத்தார்கள்.

1889-ல் ஐக்மன் என்ற டச்சு டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் கோழிகள் காலை இழுத்து இழுத்து நடந்து விழுந்தன. சில மாதம் கழித்து மற்ற கோழிகள் தானாகவே குணமாகிவிட்டன! விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கொஞ்ச நாள் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதுசா வந்த சமையல்காரர், "ராணுவத்துச் சோறு கோழிக்கா?" என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பழையபடி தீட்டாத அரிசி. நோயும் போச்சு!

பிறகு ஐக்மன் வேண்டுமென்றே இரண்டு அரிசியையும் கொடுத்துச் சோதித்தார். இங்கேதான் நம்ம மாறிகள் வருகின்றன.

1. சாரா மாறி: நாம் மாற்றிப் பார்ப்பது. இங்கே அரிசியின் வகை.

2. சார்ந்த மாறி: அதனால் மாறுவது. இங்கே கோழிக்கு நோய் வருதா, இல்லையா என்பது.

3. கட்டுப்பாட்டு மாறி: மாறாமல் பிடித்து வைக்க வேண்டியது. கூண்டு, தண்ணீர், கோழியின் வயது எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாட்டி எதனால் நோய் வந்தது என்று சொல்லவே முடியாது.

சிறைச்சாலையில் ஒரு கணக்கு

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? 1895-96-ல் வோர்டர்மான் என்பவர் ஜாவாவின் நூறு சிறைச்சாலைகளுக்கு மேல் விவரம் சேகரித்தார். கைதிகளுக்கு வந்த பெரிபெரியைப் பாருங்க:

தீட்டாத அரிசி – சுமார் 10,000 பேரில் 1 ஆள்
பாதி தீட்டியது – சுமார் 416 பேரில் 1 ஆள்
முழுக்கத் தீட்டியது – சுமார் 39 பேரில் 1 ஆள்

ஆட்களின் எண்ணிக்கை 1, 2, 3 என்றுதான் போகும், ஒன்றரை ஆள் கிடையாது. இது தனித்த மாறி. எடை, உயரம் 45.3, 45.35 என்று எப்படியும் வரும். இது தொடர் மாறி. ரத்த வகை வெறும் பெயர்தான். இது பெயர் மாறி. தீட்டாதது, பாதி, முழுசு என்பதில் ஒரு வரிசை இருக்கு. இது வரிசை மாறி. தீட்டத் தீட்ட நோயும் அதே வரிசையில் ஏறுது, கவனிச்சீங்களா?

ஒளிந்திருக்கும் மாறி

வோர்டர்மான் இதோடு நிற்கவில்லை. கட்டடம் பழசா, காற்று வருதா, நெரிசலா என்றும் பார்த்தார். எதுவும் நோயோடு பொருந்தவில்லை. ஏன் பார்த்தார்? உண்மையான காரணம் வேறொரு மாறியின் பின்னால் ஒளிந்திருக்கலாம். அதுக்குப் பேர் குழப்பும் மாறி.

மலேயாவில் அப்படித்தான் ஆச்சு. சுரங்கத்தில் வேலை பார்த்த சீனர்களுக்குப் பெரிபெரி நிறைய, தமிழ்த் தொழிலாளர்களுக்கு ரொம்பக் குறைவு. இனம்தான் காரணமோ என்று தோணும். ஆனால் சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி, நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். இனம் வெறும் வேஷம், அரிசிதான் ஆள்.

ஒரு எச்சரிக்கை! மாறியைப் பிடித்தாலும் காரணத்தில் தப்பு வரலாம். வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கு என்றே ஐக்மன் நினைத்தார். விஷம் இல்லை, தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது என்று 1901-ல் சொன்னவர் கிரைன்ஸ். அந்தச் சத்தை 1926-ல் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் வைட்டமின் பி1. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நீங்களும் யோசியுங்க!

"டியூஷன் போகிறவர்கள் அதிக மார்க் வாங்குகிறார்கள்." இதில் சாரா மாறி எது? சார்ந்த மாறி எது? ஒளிந்திருக்கும் மாறி என்னவா இருக்கலாம்?

(விடை அடுத்த இதழில்)