வாடகை நல்லதா, லோடு நல்லதா?

திருப்போரூரிலிருந்து வரும் சாலை நெம்மேலியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுகிறது. அந்த வழியில் தண்ணீர் டேங்கர், எம்-சாண்ட் டிப்பர், மாமல்லபுரத்துக் கருங்கல் சிலை ஏற்றிய வண்டி என்று பலவகைச் சுமைகளைப் பார்க்கலாம். வாடகை எவ்வளவு என்று பார்ப்பவர் வண்டி முதலாளி. எவ்வளவு எடை, எப்போது இறக்குவார்கள், திரும்பும்போது காலி வண்டியா என்று பார்ப்பவர் ஓட்டுநர். ஒரே லோடு முதலாளிக்கு நல்லதாகவும் ஓட்டுநருக்குக் கெட்டதாகவும் அமைவது இதனால்தான்.

யூனிட்டும் டன்னும்

ஜல்லி, எம்-சாண்ட் வியாபாரம் காலங்காலமாக யூனிட் கணக்கில் நடக்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. சட்டம் பார்ப்பதோ டன் கணக்கை. ஒரு யூனிட் எம்-சாண்ட் ஏறக்குறைய நாலரை டன் இருக்கும். கழுவிய ஈரத்தோடு ஏற்றினால் இன்னும் கூடும்.

பத்துச் சக்கர டாரஸ் லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம் என்று மத்திய அரசு 2018 ஜூலையில் வரம்பை உயர்த்தியது. அதற்கு முன்பு 25 டன். வண்டியின் சொந்த எடை மட்டும் பத்து டன் அளவுக்கு வரும் என்பதால், நான்கு யூனிட்டோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஐந்தாவது யூனிட்டின் லாபம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் போகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் அது ஓட்டுநர் தலையில் விடிகிறது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேரும். மிகுதியை இறக்கிவைக்கும் செலவும் தனி. வண்டியை ஓட்டியவரோடு ஓட்டச் செய்தவரையும் இந்தச் சட்டம் பொறுப்பாக்குகிறது. ஆனால் சோதனையில் வண்டியை மடக்கும்போது அதிகாரிக்கு எதிரே நிற்பவர் ஓட்டுநர் மட்டும்தான்.

பாதித் தொட்டி

தண்ணீரின் எடையில் ஒளிவுமறைவு கிடையாது. 12,000 லிட்டர் என்றால் 12 டன். முழுத் தொட்டியில் நீர் அசைய இடமில்லாததால் வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்கி ஓடும். பாதித் தொட்டிதான் வம்பு. பிரேக் அடித்தால் நீர் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும். வளைவில் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டு கவிழ்க்கப் பார்க்கும். தொட்டிக்குள் பொருத்தும் தடுப்புத் தகடுகள் இந்த வேகத்தைக் குறைக்குமே தவிர ஒழித்துவிடாது. ஒரு குடியிருப்பில் பாதியை இறக்கிவிட்டு மீதியோடு அடுத்த இடத்துக்கு ஓடுவதை ஓட்டுநர்கள் வெறுப்பதன் காரணம் இதுதான்.

நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய கடல்நீர்க் குடிநீர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இரண்டாவது ஆலைக்கு 15 கோடி லிட்டர். இவ்வளவு நீரையும் 12,000 லிட்டர் டேங்கரில் கொண்டுபோவதானால் தினமும் இருபதாயிரம் நடைக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். அதனால்தான் அது குழாயில் போகிறது. குழாய் போகாத இடங்களில் டேங்கர் ஓடுகிறது. அங்கே நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும்போது, கூலியைக் கூட்ட ஓட்டுநருக்கு இருக்கும் ஒரே வழி வேகம். டேங்கரும் டிப்பரும் பறக்கின்றன என்று திட்டுகிறோம். பறக்கச் சொல்வது அந்தக் கூலிமுறை.

கல்லின் கணக்கு

மாமல்லபுரத்துச் சிலைகளில் எடையைவிட உயரம் முக்கியம். கருங்கல் ஒரு கன மீட்டர் இரண்டரை டன்னுக்கு மேல். நிற்கும் சிலையை நிற்க வைத்தே ஏற்றினால் பாரம் மேலே போய்விடும். வளைவில் வண்டி சாயும். படுக்கவைத்து, கட்டை கொடுத்து, சங்கிலி போட்டு இறுக்கினால் பாரம் கீழே அமரும். கட்டுவதில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவானாலும் அது ஓட்டுநருக்கு லாபம்.

கல் சுமையின் உச்சம் வந்தவாசி அருகேயுள்ள கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருவின் ஈஜிபுராவுக்குப் போன விஸ்வரூபப் பெருமாள் சிலைக்கான கல். 300 டன்னைத் தாண்டிய அந்தப் பாறை 240 சக்கர டிரெய்லரில் 2018 இறுதியில் கிளம்பி 2019 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. வழியில் டயர்கள் வெடித்தன. தற்காலிகப் பாதைகள் போட வேண்டியிருந்தது. சரக்கோடு போகும் இ-வே பில் என்ற சீட்டு, சாதாரணச் சரக்குக்கு நாளொன்றுக்கு 200 கி.மீ. என்று கணக்கிடுகிறது. இப்படி அளவு மீறிய சரக்குக்கு வெறும் 20 கி.மீ. மெதுவாகத்தான் போக முடியும் என்பதை இங்கே காகிதமே ஒப்புக்கொள்கிறது.

காத்திருப்புக்குக் கூலி இல்லை

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்தது. நடைமுறையில் ஓட்டுநரின் நாளை விழுங்குவது ஏற்றும் இடத்து வரிசையும் இறக்கும் இடத்துக் கதவும். தாமதத்துக்கு ஹால்டிங் பணம் பேசியிருந்தாலும் அது முதலாளியோடு நின்றுவிடக்கூடும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். இன்ஜினை அணைத்துவிட்டு வெயிலில் காத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

டிப்பரும் டேங்கரும் காலியாகத்தான் திரும்பும் என்பதால் வாடகையில் இருவழியும் சேர்ந்திருக்கும். வெளியூர் போகும் லாரிக்கு அப்படியில்லை. ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் கிடக்க வேண்டும். படிக்காசு சாப்பாட்டிலேயே கரைந்துவிடும். போகும்போது வாடகை குறைந்தாலும் திரும்பும் சரக்கு உறுதி என்றால், அனுபவசாலி அதைத்தான் எடுப்பார்.

இவற்றில் எதையும் ஓட்டுநர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. கடற்கரைச் சாலையில் வீடு கட்டுபவர் குவியலைப் பார்த்துத் திருப்திப்படாமல் எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்கலாம். அடுக்குமாடிச் சங்கம் முழுத் தொட்டியாக வாங்கிக்கொள்ளலாம். டேங்கர் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்துவைக்கலாம். சரக்கு அனுப்புபவர் ஹால்டிங் பணத்தில் ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்று சீட்டிலேயே எழுதலாம். கெட்ட லோடை நல்ல லோடாக்க இவர்களுக்குப் பெரிதாகச் செலவு பிடிக்காது.