தொண்ணூற்றுக்குள் நூறு எப்படி வந்தது?

சாத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்துவிட்டு, அடுத்தது ஏன் தொண்ணூறு? அங்கே நூறுக்கு என்ன வேலை?”

நல்ல கேள்வி. எழுநூறு, எண்ணூறுக்குப் பிறகு வரும் தொள்ளாயிரத்திலும் இதே கூத்துதான். இன்னும் நூறு பாக்கி இருக்கும்போதே ஆயிரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விருதுநகரில் மதுரை பஸ் ஏறியவர்கள் திருமங்கலம் தாண்டியதுமே ‘மதுரை வந்தாச்சு’ என்று பையை எடுத்துக்கொள்வார்களே, அந்த அவசரம். ஒன்பதுக்குப் பழந்தமிழில் ‘தொண்டு’ என்றும் பெயர் உண்டு. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறாகும் புணர்ச்சிக்குத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலேயே விதி இருக்கிறது. மலையாளத்திலும் தொண்ணூறு, தொள்ளாயிரம்தான். ஆனால் நம் விருதுநகர் மாவட்டத்தில் பல வீடுகளில் பேசும் தெலுங்கில் 900 என்பது ஒழுங்காக ‘ஒன்பது நூறு’ என்றே வரும்.

நைஜீரியாவின் யொருபா மொழிக்காரர்கள் நம்மையும் மிஞ்சியவர்கள். இருபது இருபதாக ஏறி, பிறகு கழித்து இறங்குவார்கள். 45 என்று சொல்ல வேண்டுமா? மூன்று இருபது, அதில் பத்துக் குறைய, அதிலும் ஐந்து குறைய!

இருபது நம்மிடமும் உண்டு, பின்னங்களைச் சொல்லும் கீழ்வாய்க் கணக்கில். 1/20 ஒரு மா. மாவில் கால் பங்கு காணி, 1/80. காணியில் கால் பங்கு முந்திரி, 1/320. அந்த முந்திரியையும் 320 பங்காக்கினால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை வைத்து இதையெல்லாம் தலைகீழாக ஒப்பித்தார்கள். இன்று காலும் அரையும் முக்காலும்தான் மிச்சம்.

ஆனால் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் ‘குரோஸ்’ நன்றாகவே வாழ்கிறது. ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. கப்பலேறி வந்த கணக்குக்கு இடம் கொடுத்தோம், தவறில்லை. சொந்தக் கணக்கை ஏன் கைவிட்டோம்? கடைக்காரர் தொண்ணூறு ரூபாய் என்றால், ‘நைன்டியா?’ என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. செல்போன் எண்ணைத் தமிழில் சொல்லும் பெரியவர்கள் எத்தனை பேர்?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மா, காணி வாய்ப்பாடு தெரிந்த பெரியவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கி அனுப்புங்கள். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.