ஒரு கமாவின் விலை 50 லட்சம் டாலர்! தெரியுமா?

ஒரே ஒரு கமா இல்லாததால் ஒரு நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது, தெரியுமா? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்றொரு பால் நிறுவனம். அதன் லாரி ஓட்டுநர்கள் ஓவர்டைம் பணம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று இருந்தது. 'ஆர்' என்பதற்கு முன்னால் கமா இல்லை! பொட்டலம் கட்டுவது ஒரு வேலை, விநியோகிப்பது இன்னொரு வேலை என்று பொருளா? இல்லை, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதை மட்டும்தான் சொல்கிறதா? ஓட்டுநர்கள் பால் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். பொட்டலம் கட்டுபவர்கள் அல்லர். வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டே 50 லட்சம் டாலருக்குச் சமரசம்! சட்டத்தையும் அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்தி எழுதிவிட்டார்கள்.

கமா மட்டுமல்ல, ஒரு சொல் விட்டுப்போனாலும் வம்புதான். 1631-இல் லண்டனில் அச்சான பைபிளில், 'விபசாரம் செய்யாதே' என்ற கட்டளையில் 'நாட்' என்ற சொல் விட்டுப்போய், அது விபசாரம் செய்யச் சொல்லும் கட்டளையாகவே மாறிவிட்டது தெரியுமா? அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம்!

ஆங்கிலம் எழுதும்போது ஒரு சொல்லுக்கு முன்னால் 'எ' போடுவதா, 'ஆன்' போடுவதா என்று தடுமாறுகிறீர்களா? அதற்குத் தமிழிலேயே விடை இருக்கிறது! அடுத்த சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ'. மணியைக் குறிக்கும் 'அவர்', நம் 'எம்.எல்.ஏ.' இரண்டுக்கும் 'ஆன்'. 'யுனிவர்சிட்டி'க்கு 'எ'. ஆங்கில எழுத்தைப் பார்த்தால்தான் குழப்பம். ஒலியைக் கேட்டால் குழப்பமே இல்லை.

இதில் ஆங்கிலேயர்களே தடுமாறியிருக்கிறார்கள்! சமையலறையில் கட்டும் 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லியே அந்த 'ந்' முன்னால் நகர்ந்து 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது. அதன் உறவுக்காரச் சொல்லான 'நேப்கின்' மட்டும் இன்றுவரை 'ந்'-ஐ விடவில்லை. என்ன அதிசயம்!

நாம் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுவது ஏன் தெரியுமா? தமிழில் 'பற்றி' இல்லாமல் நமக்குப் பேச வராது. ஆனால் அந்தப் 'பற்றி' 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்' என்பதும் அப்படித்தான். 'ரிட்டர்ன்' என்றாலே திரும்புவதுதான், 'பேக்' எதற்கு? இன்று அனுப்பப்போகும் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'டிஸ்கஸ்' பக்கத்தில் அந்த 'அபௌட்' இருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள்!