கடற்புல்லும் குருதிப் புரதமும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியிலுள்ள பாப்பாமோட்டையை அடுத்த ஆழங்குறைந்த கடலில், நீரோட்டம் வலுக்கும் வேளையில் தரையோடு தரையாகப் படுத்தும், அது தளரும் வேளையில் தலைநிமிர்ந்தும் நிற்கும் கடற்புல்லைக் கவனித்தவர்கள், நீர் அடித்தரையை எவ்வளவு வன்மையாக உரசிச் செல்கிறது என்பதை யாதொரு கருவியுமின்றி அறிந்துகொள்ளலாம். மேலே மிதந்து செல்லும் கட்டையோ நீரின் வேகத்தைக் காட்டுமேயன்றி, அடியில் நிகழும் இழுப்பைப் பற்றி வாய் திறவாது.

வேகமும் இழுப்பும் ஒன்றல்ல. எந்தத் திரவமும் தான் தொடும் சுவரோடு ஒட்டி அசைவற்று நின்று, சுவரைவிட்டு விலக விலகவே வேகம் பெறுகிறது. அவ்வாறு படலத்துக்குப் படலம் வேகம் மாறும் வீதமும் திரவத்தின் பிசுக்குத்தன்மையும் சேர்ந்தே சுவரின்மேல் விழும் சறுக்கு விசையை நிர்ணயிக்கின்றன. கப்பலின் அடிப்புறத்திலும் குழாயின் உட்புறத்திலும் இவ்விசையை அறியவேண்டிய பொறியியலாளருக்குள்ள சங்கடம் யாதெனில், சுவரையொட்டிய அம்மெல்லிய படலத்தினுள் கருவியை நுழைத்த மாத்திரத்தில் அக்கருவியே ஓட்டத்தைக் கலைத்துவிடுகிறது என்பதுதான். கலைக்காத கருவியொன்று நம் இரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன் கதையும் ஒரு தீவிலேதான் ஆரம்பிக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்து தீவுக்கூட்டத்திலிருந்து, இரத்தம் நில்லாது பெருகும் நோயுடைய ஐந்து வயதுச் சிறுமியொருத்தி 1924ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிக்குக் கொண்டுவரப்பட்டாள். அவளுடைய குடும்பத்தை ஆராய்ந்த எரிக் வொன் வில்லெபிராண்ட் என்ற வைத்தியர், ஆண்களையே பெரும்பாலும் பீடிக்கும் ஹீமோபிலியாவினின்றும் இது வேறானது, பெண்களையும் பற்றுவது என்று 1926இல் எழுதினார். அச்சிறுமியோ பூப்பெய்தியபின் நான்காவது மாதவிலக்கில் இரத்தம் நில்லாமலே மாண்டாள். தாய் தந்தை இருவர் வழியாகவும் குறை வந்துசேரும்போது நோய் கடுமையாகிறது என்பது, மச்சான் மச்சாள் மணவுறவு பழகிய நம்மவர் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி.

அவர் பெயரையே பெற்ற புரதம்தான் அந்நோயாளரிடம் குறைவாகவோ பழுதாகவோ இருப்பது. நூற்பந்தைப் போலச் சுருண்டு குருதியில் மிதந்துவரும் இந்த நீண்ட மூலக்கூறு, சறுக்கு மிகுந்த இடத்தை அடைந்ததும் பிரிந்து நீள்கிறது. நீண்ட இழை காயத்திற் பற்றிக்கொண்டு குருதிச் சிறுதட்டுகளைப் பிடித்து நிறுத்துகிறது. ஜெர்மனியின் ஔக்ஸ்புர்க் நகரத்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட பரிசோதனையில், வேகமாறும் வீதம் செக்கனுக்கு ஏறத்தாழ 5000 என்ற எல்லையைத் தாண்டியபோது பந்து இழையாயிற்று. ஓட்டம் தணிந்ததும் மீண்டும் பந்தாயிற்று. சுவரிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு தூரத்தில் நீர் செக்கனுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஓடினால், அதுவே அந்த எல்லை. எவ்வளவு சிறிய இடத்தில் எவ்வளவு நுட்பமான உணர்ச்சி!

இப்புரதத்துக்கு ஒளிரும் சாயமூட்டித் திரவத்தில் விட்டு, சுவரில் எங்கே இழைகள் படிகின்றன, எத்திசையில் நீள்கின்றன என்று நுண்ணோக்கியிற் பார்த்தால், விசை மிகுந்த இடங்களின் படமொன்று கிடைக்கும் என்பது யோசனை. இதை அளவுகோல் என்பதைவிட எச்சரிக்கை மணி என்பதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். எல்லையைத் தாண்டியதைச் சொல்லுமேயன்றி, எவ்வளவு தாண்டியது என்பதை அது அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. பாப்பாமோட்டைக் கடலில் இதைக் கொட்டி அளக்கலாமென்று எவரும் ஆசைப்பட வேண்டாம். மீன்களுக்கு நல்ல தீனியாகும்.

ஆனால் உடலினுள்ளே இம்மணி தானாகவே ஒலிப்பதுண்டு. இழை நீண்டு விரியும்போது அதுவரை மறைந்திருந்த பகுதியொன்று வெளிப்பட, அங்கே குருதியிலுள்ள ஒரு நொதி அதை வெட்டிவிடுகிறது. இதயத்தின் பெருநாடி வால்வு குறுகியவர்களுக்குக் குடலில் இரத்தம் கசிவதை ஹைட் என்ற அமெரிக்க வைத்தியர் 1958இல் எடுத்துக்காட்டினார்; அவ்விடுக்கில் நீட்டப்பட்ட இழைகள் வெட்டுண்டு குறைவதே அதற்குக் காரணம் என்பது பல்லாண்டுகளின் பின்னரே புலனாயிற்று. நலிந்த இதயத்துக்குத் துணையாகப் பொருத்தப்படும் சுழல் பம்பிகளிலும் இதே இழப்பு நேர்கிறது. நோயாளியின் குருதியில் நீண்ட இழைகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்று பார்த்தே, அப்பம்பியின் இடுக்குகளில் ஓட்டம் எவ்வளவு கடுமையாக உரசுகிறது என்பதை அனுமானிக்க முடிகிறது.