டில்பர்ட் என்ற அசட்டு விமானி

ஆனேக்கல் வட்டத்திலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு டில்பர்ட் என்றதும், கழுத்துப்பட்டை மேல்நோக்கி வளைந்து நிற்கும் ஒரு பொறியாளரின் கேலிச்சித்திரம் நினைவுக்கு வரலாம். ஸ்காட் ஆடம்ஸ் 1989இல் தொடங்கிய தொடர் அது. ஆனால் அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரர் ஒரு விமானி! ஆடம்ஸுக்குப் பெயரை எடுத்துக் கொடுத்த நண்பர், தம் தந்தையிடமிருந்த போர்க்காலச் சித்திரங்களில் அதைப் பார்த்திருக்கக்கூடும் என்பது பின்னரே புரிந்ததாம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை ஆயிரக்கணக்கான இளைஞர்களை அவசர அவசரமாக விமானிகளாக்கியது. பலர் எதிரியைக் காணுமுன்பே மாண்டனர். அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவில் மட்டும், சொந்த நாட்டில் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 15,000 பேர். தடித்த விதிப் புத்தகங்களைப் படிக்க யாருக்குப் பொறுமை இருந்தது? எனவே ராபர்ட் ஆஸ்பார்ன் என்ற ஓவியர் டில்பர்ட்டைப் படைத்தார். செய்யக்கூடாத அத்தனையையும் செய்யும் அசட்டு விமானி அவன். ஏறத்தாழ 2,000 சுவரொட்டிகளில் அவன் விமானத்தை நாசம் செய்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள், தாம் டில்பர்ட் ஆகிவிடக்கூடாதே என்று அஞ்சவும் செய்தார்கள். அதிகாரியின் அதட்டலை மறந்துவிடலாம், நண்பர்களின் கேலியை மறக்க முடியுமா?

அவன் பெயரில் ஒரு பயிற்சிக் கருவியும் வந்தது. விமானி அமரும் கூண்டில் வாரால் கட்டப்பட்ட மாணவன், தண்டவாளத்தில் சறுக்கி நீச்சல் குளத்தில் விழுவான். கூண்டு தலைகீழாகக் கவிழும். நீருக்கடியில் வாரை அவிழ்த்து வெளியேற வேண்டும்!

பிரிட்டிஷ் விமானப்படையில் டில்பர்ட்டுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான்: பைலட் ஆபீசர் புரூன். 1941 முதல் 'டீ எம்' என்ற பயிற்சி இதழில் பில் ஹூப்பரின் தூரிகையில் உலவியவன். அசட்டுப் பிழை செய்த நிஜ விமானிகளுக்கு அவ்விதழ் கேலி விருதும் வழங்கியது.

எல்லாச் சுவரொட்டிகளும் சிரிக்க வைத்தவை அல்ல. சூரியனில் ஒளிந்திருக்கும் எதிரியைக் கவனி என்று ஒன்று எச்சரித்தது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பாய்பவனை, கண் கூசுபவன் காண இயலாது. வேறு சில, விமானங்களைக் கறுப்பு நிழலுருவமாகக் காட்டின. வானத்தில் வண்ணம் தெரியாது, வடிவம்தான் தெரியும். இறக்கை, எஞ்சின், உடல், வால் என்று வரிசையாகப் பார்த்து ஒரு நொடிக்குள் நண்பனா பகைவனா என்று சொல்லியாக வேண்டும்.

இது நம் பெங்களூருக்கும் தொலைவான விஷயமல்ல. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையுடன் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாக இயங்கியது. லிபரேட்டர், கேட்டலினா, டக்கோட்டா எல்லாம் இங்கே வந்து சென்றன. ஜப்பானிய விமானங்களின் சின்னம் செஞ்சூரியன். பதற்றத்தில் இருப்பவன் கண்ணுக்குச் சிவப்பாக எது தெரிந்தாலும் பகைவனே! எனவே 1942இல் அமெரிக்கர்கள் தம் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அழித்தார்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த விமானங்களின் வட்டச் சின்னத்திலும் சிவப்பு மறைந்து, நீலமும் வெளிர்நீலமுமே எஞ்சின. இன்று நம் விமானப்படையின் சின்னத்தில் இருப்பவை காவி, வெள்ளை, பச்சை.