கண் சிவந்தால் எல்லாமே சூடு இல்லை



குழந்தைக்குக் கண் சிவந்தால் "சூடு பிடிச்சிருக்கு", "மெட்ராஸ் ஐ வந்திருக்கு" என்போம். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் மிகச் சில குழந்தைகளுக்கு, கண்ணுக்குள் வளரும் புற்றுநோய்க் கட்டியும் இதேபோல் சிவப்பும் வீக்கமுமாகத் தெரியும். இதை விழித்திரைப் புற்றுநோய், அதாவது ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். சுமார் 16,000 முதல் 18,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். பெரும்பாலும் 5 வயதுக்குள்ளேயே வரும்.

ஏன் வீங்குகிறது?

கட்டி வளரும்போது ரத்த ஓட்டம் போதாமல் அதில் ஒரு பகுதி செத்துப்போகும். அதனால் கண்ணும் இமையும் வீங்கும். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் வீக்கம் வடியும். "சரியாப் போச்சு"ன்னு நாம் இருந்துவிடுவோம். உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும்.

எப்படி அடையாளம் காண்பது?

* கருவிழி நடுவே பூனைக்கண் போல வெள்ளையாக மின்னுவது. பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவிலும் இது தெரியும்.
* புதிதாக மாறுகண் வருவது. அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள்.
* அடிபடாமல், காய்ச்சல் இல்லாமல் ஒரு கண் மட்டும் சிவந்து வீங்குவது.
* மருந்து போட்டால் குறைந்து, நிறுத்தினால் திரும்ப வருவது.

என்ன செய்யணும்?

கண் டாக்டரிடம், "மருந்து விட்டு உள்கண்ணைப் பாருங்க" என்று கேளுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். குத்தினால் புற்று வெளியே பரவும். கண் பிதுங்கி வீங்கினால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே போகவேண்டும். தாய்ப்பால், எண்ணெய், பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் லேசர், கீமோ சிகிச்சையால் உயிரோடு பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம். முற்றிவிட்டால் கண்ணையே எடுக்கச் சொல்வார்கள். "பொம்பளைப் பிள்ளையாச்சே" என்று பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். செயற்கைக் கண் வைக்கலாம். போன உயிர் வராது. கூடப்பிறந்த குழந்தைகளின் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த நோய் பரம்பரையாகவும் வரும்.

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

பஸ்ஸுக்குக் காசில்லை என்று எந்தத் தாயும் நாளைக் கடத்தக் கூடாது. குழுவில் அவசரக் கடன் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள்.